காத்தாயியின் மூக்குத்தியும் உதிரி டயர்க் காற்றும்

நேற்று உங்கள் பட்டறைக்கு வந்தபோது மேசைமேல் கிடந்த, காற்றால் வர்ணம் ஊதுகிற எயார் பிரஷ் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கிண்ணத்தில் நீல வர்ணம் காய்ந்து ஓடு கட்டியிருந்தது. ஊசியை இழுத்தேன், அசையவில்லை. யாருடையது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் வாய் சும்மா இருந்திருக்காது. ஓய்வு பெற்ற மனுஷன், தேத்தண்ணி குடிக்க வந்த இடத்தில் எதற்கு வம்பு என்று வைத்துவிட்டுப் போய்விட்டேன். வீட்டுக்குப் போயும் மனசு ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன், தம்பிமாரே, தங்கச்சிமாரே.

உண்மையைச் சொன்னால், அந்தப் பிரஷை அப்படிப் போட்டுவிட்டுப் போனவரைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. இதே குற்றத்தை நானும் செய்தேன். செய்துவிட்டு, புசல்லாவையில் ஒரு பெண்ணின் கல்யாண நாளன்று, நூறு பேர் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தேன். மாட்டிக்கொண்டதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. தப்பி வந்த விதம் அப்படி!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி. கண்டியில், சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் எங்கள் ஸ்டூடியோ. புதிதாகப் போட்டோ பிடிக்க வருகிறவர்களைவிட, பழைய சின்னப் போட்டோவைப் பெரிதாக்கித் தரச் சொல்லி வருகிறவர்கள்தான் அதிகம். பெரும்பாலும் செத்துப்போனவர்களின் படம். பெரிதாக்கிய படத்தை எயார் பிரஷால் பூசி மெழுகி, சேலை சரியில்லாதவருக்குப் பட்டுச் சேலை, வெறுங்கழுத்துக்குச் சங்கிலி, தலைப்பாகைக்காரருக்குக் கோட்டு என்று உடுத்தி அனுப்புவது எங்கள் வழக்கம். காற்றுக்கு, சோடாக் கம்பெனியில் சோடாவுக்கு அடைக்கிற காஸ் சிலிண்டரையே வாங்கி வைத்திருந்தோம். நான் பிரஷைப் பிடித்தால் கண்டியில் எனக்கு நிகர் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நினைத்தது மட்டுமல்ல, வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

என்னோடு வேலை பார்த்தவர் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிட நாலு வயது இளையவர். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அவருக்குப் பிடிக்காது. குரலை உயர்த்தமாட்டார், சிரிக்கமாட்டார், தப்பு மட்டும் விடமாட்டார். அதனாலேயே எனக்கு அவரைக் கண்டால் ஆகாது.

நான் சேர்ந்த புதிதில் ஒருநாள் நொசில் அடைத்துக்கொண்டது. பிரஷின் நுனியில், ஊசி வெளியே எட்டிப் பார்க்கிற அந்தத் துளைக் குழாயைச் சொல்கிறேன். கோபத்தில் தையல் ஊசியை விட்டுக் குடைந்தேன். மெல்லிய பித்தளை, பிளந்துவிட்டது. புதியது கப்பலில் வரவேண்டும். மூன்று மாதம் நான் தூரிகையால் மட்டும் வேலை செய்தேன். முதலாளி கத்தித் தீர்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்:

“அண்ணை, அடைச்சது காய்ஞ்ச பிசின். அது சுடுதண்ணிக்குக் கரையும். உங்கடை கோவத்துக்குக் கரையாது.”

அப்போது அவரை அறைந்துவிடலாம் போல இருந்தது. இளையவன் சொல்லி நான் கேட்பதா!

இனிக் கதைக்கு வருகிறேன். புசல்லாவைத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து அஞ்சலை என்ற பெண்ணும் அவளுடைய தாய்மாமன் சடையன் கங்காணியும் வந்தார்கள். அவளுக்கு ஆறு வயதாக இருக்கும்போதே தாய் காத்தாயி காய்ச்சலில் போய்விட்டாள். தகப்பன் அதற்கும் முன்னாலேயே. வளர்த்து ஆளாக்கியது மாமன்தான். காத்தாயி இருக்கிற போட்டோ உலகத்திலேயே ஒன்றுதான். தோட்டத்துத் துரை தன் கமராவால் கொழுந்து பறிக்கிற பெண்களை வரிசையாக நிறுத்திப் பிடித்தது. அதில் அவள் முகம் ஒரு புளியங்கொட்டை அளவு.

“மாசக் கடைசியில எனக்குக் கல்யாணமுங்க,” என்றாள் அஞ்சலை. “மணவறைக்குப் பக்கத்துல அம்மா ஒக்காந்திருக்கணும். தாலி கட்டுறதுக்கு முன்னாடி நாங்க ரெண்டு பேரும் அவங்க முன்னாடி விழுந்து கும்பிடணும். அம்மா மொகம் எனக்கு மறந்துகிட்டே வருதுங்க. அதான்.”

“நல்லாப் பண்ணிக் குடுங்க. நீங்களே கொண்டாந்து குடுத்துட்டு, கையோட சாப்பிட்டுட்டுப் போகணும்,” என்றார் கங்காணி.

நன்றாகத்தான் பண்ணினேன். சின்னப் போட்டோவைக் கண்ணாடித் தகட்டில் நகல் எடுத்து, அந்தத் தகட்டைப் படம் பெரிதாக்குகிற லாந்தருக்குள் வைத்துப் பெரிய தாளில் விழுத்துவோம். தகட்டை முகம் திருப்பி வைத்துவிட்டால் படம் இடம் வலம் மாறி விழும். சேர்ந்த முதல் கிழமையே சொல்லிக்கொடுக்கிற விஷயம். நான் அன்றைக்கு வத்தேகமயிலிருந்து வந்த ஒரு கடைக்காரரிடம் என் பெருமையை அளந்துகொண்டே தகட்டை வைத்தேன்.

“அண்ணை, தகட்டின்ரை பக்கம் பாத்தனியளோ?” என்று கேட்டார் யாழ்ப்பாணத்துக்காரர்.

“எனக்கு நீ பாடம் எடுக்காதே,” என்றேன், அந்தக் கடைக்காரர் முன்னாலேயே.

அவர் தன் மேசைக்குத் திரும்பிவிட்டார். கூட்டத்திலிருந்து காத்தாயியின் முகத்தை மட்டும் பிரித்தெடுத்தேன். முதுகுக் கூடையைத் தாங்குகிற கயிறு நெற்றியில் கிடந்தது, அதை மறைத்தேன். பட்டுச் சேலை உடுத்தி, சரிகைக் கரை போட்டேன். சேலையை நானே வரைந்ததால் தலைப்பு சரியான தோளில்தான் விழுந்தது. தலையில் நடுவகிடு. அதனால் ஒன்றும் கண்ணை உறுத்தவில்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை ஐந்து மணிக்குக் கரையின் கடைசிக் கோடு முடிந்தது. பிரேம் போடுகிறவர் கடையைச் சாத்துவதற்குள் ஓடவேண்டும். கிண்ணத்தில் வர்ணம் இருக்க இருக்கவே பிரஷைத் தகரப் பெட்டிக்குள் போட்டு மூடினேன். வந்து கழுவலாம் என்று நினைத்தேன். நாங்கள் எல்லோரும் அப்படித்தானே நினைக்கிறோம்!

மறுநாள் காலை முதல் பஸ். மடியில் படம், பக்கத்தில் தகரப் பெட்டி. பெட்டியை ஏன் கொண்டு போனேன் என்று கேட்பீர்கள். நான் இல்லாத நேரத்தில் என் பிரஷை வேறு ஒருத்தர் தொட்டால் எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். என் கெட்ட குணம் ஒன்று அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது மணிக்குத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். தொழிலாளர் வரிசை வீடுகள் இருக்கிற லயத்துக்கு முன்னால் பந்தல், வாழைமரம், மேளம் எல்லாம் தயார். முகூர்த்தம் பதினொரு மணிக்கு. படத்தை ஒரு கதிரையில் நிமிர்த்தி வைத்துத் துணியை விலக்கினேன். பெண்கள் எல்லாம் “ஆத்தாடி!” என்று வாயில் கை வைத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போதுதான் அலங்காரத்தோடு அஞ்சலை வந்து படத்துக்குப் பக்கத்தில் நின்றாள். சடையன் கங்காணி அவளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், திரும்ப அவளைப் பார்த்தார்.

“யாருங்க இது?” என்றார்.

“என்ன கங்காணி, உங்க தங்கச்சிதான்.”

“என் தங்கச்சிக்கு நான்தான்யா மூக்குக் குத்தி விட்டேன். வலது மூக்கு. அந்த மூக்குத்தியத்தான் இன்னைக்கு இந்தப் புள்ள போட்டிருக்கு. நீங்க கொண்டாந்த பொம்பளைக்கு இடது மூக்குல இருக்கே! கூட்டத்துல நின்ன வேற எவளையோ பெருசாக்கிக் கொண்டாந்துட்டு, அவ கால்ல இந்தப் புள்ளைய விழச் சொல்றீங்களா?”

அஞ்சலையின் வலது மூக்கில் ஒற்றை வெள்ளைக்கல் மூக்குத்தி மின்னுகிறது. படத்தில் காத்தாயியின் இடது மூக்கில் ஒரு வெள்ளைப் புள்ளி. தகடு! யாழ்ப்பாணத்துக்காரரின் குரல் காதில் கேட்டது.

அஞ்சலை அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “இது அம்மா இல்லீங்களா?” என்று கேட்டாள். “அம்மா இல்லாம நான் மணவறையில ஒக்கார மாட்டேன் மாமா.”

அந்த நேரத்தில் எனக்கு முதலில் நாக்கு நுனிக்கு வந்தது பொய்தான். வெளிச்சத்தில் அப்படித் தெரிகிறது, கமராவில் பிடித்தால் அப்படித்தான் விழும் என்று சொல்லியிருந்தால் அங்கே யாரும் என்னை மறுத்துப் பேசியிருக்க முடியாது. ஆனால் அவள் ஆயுசுக்கும் அந்தப் படத்தைச் சந்தேகத்தோடுதான் பார்த்திருப்பாள். நான் சொன்னேன்:

“இது உங்க அம்மாதான். பிழை என்னுடையது. கண்ணாடித் தகட்டைத் திருப்பி வைச்சிட்டன். கண்ணாடியில பார்க்கிற மாதிரி முகம் பக்கம் மாறி விழுந்திருக்கு. கேட்ட ஆளையும் வாயை மூடச் சொன்னன். முகூர்த்தத்துக்கு முன்னால இந்த மூக்குத்தியை நான் சரியாக்கித் தாறன்.”

“எப்படி?” என்றார் கங்காணி.

எப்படி என்பது எனக்கும் தெரியாது. இடது மூக்கில் இருக்கிற வெள்ளையைச் சாம்பல் நிற வர்ணத்தால் மறைக்கவேண்டும். தூரிகையால் பூசினால் பகல் வெளிச்சத்தில் அம்மைத் தழும்பு மாதிரி திட்டாகத் தெரியும். எயார் பிரஷின் புகைதான் தோலோடு தோலாகச் சேரும். பிரஷ் இருக்கிறது. காற்று கண்டியில் சோடா சிலிண்டருக்குள் இருக்கிறது.

பந்தலுக்கு வெளியே மாப்பிள்ளையைக் கம்பளையிலிருந்து ஏற்றி வந்த வாடகைக் கார் நின்றது. அதன் பின்னால் உதிரிச் சக்கரம் ஒன்று கட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு உச்சி குளிர்ந்தது. ஓடிப்போய் டிரைவர் காசிம் நானாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். டயரில் உள்ள காற்று வேண்டும் என்றேன்.

“டயர்ல காத்து ஈக்கிதான்,” என்றார் அவர். “ஆனா காத்தால படம் கீறுற மனுசன நான் இன்னம் கண்டதில்ல. போற வழியில பஞ்சரானா மாப்புளய நான் முதுகுலயா தூக்கிட்டுப் போற?”

“திரும்ப நானே பம்ப் அடிச்சு நிரப்பித் தாறன், நானா.”

“அடிச்சாச் சரி. என்ட நெஞ்சு வலிக்கி அந்தப் பம்ப் ஆகாது,” என்று சொல்லிக்கொண்டே சக்கரத்தைக் கழற்றிவிட்டார் நல்ல மனுஷன்.

வால்வுக்குள் இருக்கிற சின்னத் திருகாணியைக் கழற்றி, சீறி வருகிற காற்றோடேயே என் ரப்பர்க் குழாயை அதன்மேல் ஏற்றிக் கயிற்றால் இறுக்கினோம். காசிம் நானா குழாயை மடித்துப் பிடித்துக்கொண்டார். அதற்குள்ளேயே காற்றில் ஒரு பங்கு போய்விட்டது. மிச்சம் இரண்டு மூன்று நிமிஷத்துக்குப் போதும். கிண்ணத்தில் தண்ணீர் விட்டு, “திறங்க நானா” என்றேன். அவர் திறந்தார். நுனியில் ஒரு குமிழி வந்தது. அவ்வளவுதான்.

முதல் நாள் ஐந்து மணி வர்ணம் நொசிலுக்குள் காய்ந்து கல்லாகிக் கிடந்தது.

என் முகம் போன போக்கைப் பார்த்து ஒரு பெண் தன் சேலையிலிருந்து ஊக்கைக் கழற்றி நீட்டினாள். “இத வுட்டுக் குத்துங்கய்யா.” வாங்கிவிட்டேன். ஊக்கு விரலுக்குள், நொசில் மற்ற விரலுக்குள். மேளக்காரர்கள் வேறு தட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். என் கை போகத்தான் பார்த்தது. பிளந்த பித்தளை கண்ணுக்குள் வந்து நின்றது. இந்த நொசிலும் பிளந்தால் புதியது கப்பலில் வருவதற்குள் இந்தப் பெண்ணுக்கு எப்படி முகூர்த்தம் நடக்கும்? ஊக்கைத் திருப்பிக் கொடுத்தேன்.

“கொதிதண்ணி ஒரு தம்ளர் குடுங்க. கோழி இறகு ஒன்று வேணும், சின்னதா.”

தேத்தண்ணிக்கு வைத்திருந்த கேத்தலிலிருந்து தண்ணீர் வந்தது. நொசிலைத் தம்ளருக்குள் போட்டுவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தேன். பிள்ளைகளே, என் தொழில் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கஷ்டமான வேலை அதுதான். சும்மா இருந்தது! நூறு பேர் என்னையே முறைத்துப் பார்க்கிறார்கள். தண்ணீர் ஆற ஆற மாற்றினேன். கால் மணி நேரம் போயிற்று.

“என்னாங்க, சும்மா ஒக்காந்திருக்கீங்களே!” என்று சீறினார் கங்காணி.

“உட்கார்ந்திருக்கல்ல கங்காணி, ஊறப்போட்டிருக்கன்.”

காசிம் நானா மட்டும் சிரித்தார். மூன்றாவது தம்ளரில் நொசிலிலிருந்து மெல்லச் சாம்பல் நிறம் இறங்கியது. அதைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! இறகின் மெல்லிய நுனியைப் பின்பக்கத்தால் விட்டு, முன்பக்கத்தால் இழுத்தேன். வானத்துக்கு நேரே பிடித்தேன். ஊசிமுனையளவு வெளிச்சம் தெரிந்தது.

பிரேமின் ஆணிகளைக் கழற்றிக் கண்ணாடியை எடுத்தேன். சாம்பல் வர்ணத்தைக் கலந்தேன். நேரே படத்தின் முகத்தில் அடித்துவிட ஆசைதான். அடிக்கவில்லை. கல்யாணப் பத்திரிகை ஒன்றை வாங்கி அதன் பின்பக்கத்தில் விட்டேன். சட்டென்று நாலைந்து கறுப்புத் துளிகள் துப்பியது. அது காத்தாயியின் கன்னத்தில் விழுந்திருந்தால் நான் அந்தத் தோட்டத்திலிருந்து நடந்து வந்திருக்க முடியாது. இன்னொரு தரம் விட்டேன். இப்போது வந்தது புகை, பட்டு மாதிரி.

அதே பத்திரிகையில் மூக்குத்தி அளவுக்கு ஒரு ஓட்டை வெட்டி, படத்துக்கு மேலே விரல் கனம் தூக்கிப் பிடித்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு தரம், கொஞ்சம் நகர்த்தி ஒரு தரம், இன்னும் மெல்லியதாக மூன்றாவது தரம். டயர் “புஸ்” என்று அடங்கியது. பத்திரிகையை விலக்கினேன். இடது மூக்கில் ஒன்றுமே இல்லை. ஒரு பெண்ணின் மூக்கு, அவ்வளவுதான்.

வலது மூக்குக்கு எனக்குத் தூரிகை போதும். ஆனால் எதைப் பார்த்து வரைவது? சின்னப் போட்டோவில் அது வெறும் வெள்ளைப் பொட்டு. “அஞ்சலை, இப்படி வெளிச்சத்துக்கு வந்து உட்காரம்மா,” என்றேன். மணப்பெண் என் முன்னால் உட்கார்ந்தாள். காத்தாயி போட்டிருந்த அதே கல் அவள் மூக்கில். அதற்குள் வெளிச்சம் எங்கே விழுகிறது, அதன் நிழல் தோலில் எங்கே படுகிறது என்று பார்த்துப் பார்த்து ஒரு வெள்ளை, அதன் கீழே ஒரு நூல் கறுப்பு, ஓரத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு மினுக்கம் வைத்தேன். முதல் நாள் நான் செய்ததைவிட அது ஆயிரம் பங்கு உசத்தி. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்!

கங்காணி குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“காத்தாயி,” என்று கூப்பிட்டார். பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ சந்தனக் கிண்ணத்தைக் கொண்டு வந்து அவர் கையில் கொடுக்க, அவர் படத்தின் நெற்றிக்கு விரலைக் கொண்டு போனார்.

“ஐயோ, தொடாதீங்க! ஈரம்! கண்ணாடியைப் போட விடுங்க!” என்று நான் போட்ட சத்தத்தில் மேளம் நின்றுவிட்டது. அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். காய்ந்ததும் கண்ணாடியைப் போட்டு ஆணி அடித்தேன். மாமன் கண்ணாடிமேல் பொட்டு வைத்தார். பதினொரு மணி முகூர்த்தத்துக்கு, மணவறைக்குப் பக்கத்தில் கதிரையில், வலது மூக்கில் மூக்குத்தியோடு காத்தாயி உட்கார்ந்திருந்தாள். அவள் மகளும் மருமகனும் விழுந்து கும்பிட்டார்கள். தாலி ஏறியது.

எனக்கு ஒரு உறுத்தல் இருந்தது. மூக்குத்தி சரி, முகம் இன்னமும் பக்கம் மாறியதுதானே. அட்சதை போட்டபோது அஞ்சலையிடம் சொன்னேன்: “கண்டிக்குப் போனதும் சரியான பக்கத்தில் புதுசா ஒன்று செய்து அனுப்புறன்.”

“வேணாங்க,” என்றாள். “என் மூக்குத்தியப் பாத்துப் போட்டது இதுலதானே இருக்கு.”

பந்தி போட்டார்கள். நான் போகவில்லை. காசிம் நானாவின் டயருக்கு நூற்றெண்பது தரம் பம்ப் அடித்து முடித்துவிட்டு, லயத்துத் தண்ணீர்ப் பீலியடியில் குந்தி, பிரஷைக் கழற்றிக் கொதிதண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தேன். கிண்ணம், ஊசி, நொசில், எல்லாம். பசி குடலைப் பிடுங்கியது. சடையன் கங்காணி தேடிக்கொண்டு வந்தார்.

“எல பரிமாறியாச்சு. வாங்க, வந்து கழுவிக்கலாம்.”

“இல்ல கங்காணி. இது முடியட்டும்.”

அவர் வேட்டியை மடித்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் குந்தி, கேத்தலை எடுத்து என் கைக்குத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார்.

“என் தங்கச்சியும் இப்படித்தாங்க,” என்றார். “மலையிலேர்ந்து வந்தா, கூடைய ஒதறி, கயித்தக் கழுவிக் கொடியில போட்டுட்டுத்தான் சோத்துல கை வைப்பா. எத்தன பசியாயிருந்தாலும்.”

அந்தக் கயிற்றைத்தான் நான் அவள் நெற்றியிலிருந்து அழித்திருந்தேன். ஊசியைத் துடைத்து உள்ளே விட்டு, குழாயில் வாய் வைத்து நீரை ஊதிப் பார்த்தேன். சுத்தமான துளிகள் வந்தன.

கங்காணி எழுந்து பந்தல் பக்கம் திரும்பிக் கத்தினார்: “ரெண்டாம் பந்தியில யாரும் எலையில கை வைக்காதீங்க! போட்டோக்காரரு வந்துகிட்டு இருக்காரு!”

ஐம்பது பேர் இலைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். நான் பெட்டியை மூடிவிட்டு, ஈரக் கையோடு போய் முதல் இலையில் உட்கார்ந்தேன்.